‘டிஃபர்’ என்னும் வினைச்சொல்



வெள்ளிவிழா மேடையில் ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

நமது இரவுப் பாடசாலையில் பூவிருந்தவல்லிப் பக்கத்து மாணவன் ஒருவன், ‘தே டிஃபர்ட் அஸ்’ என்று எழுதியிருந்தான். முன்பு தான் படித்த பள்ளியில் தண்ணீர்க் குவளையைத் தனியே வைத்ததைச் சொல்ல வந்தான். ‘எங்களை வேறுபடுத்தினார்கள்’ என்பது அவன் மனத்திலிருந்த தமிழ். நாம் சிவப்பு மையால் அவ்வாக்கியத்தை அடித்தோம். அடித்த பின்பே, எதை அடித்தோம் என்று எண்ணிப் பார்த்தோம்.

பிழை பிழைதான். வேறுபடு என்பது தன்வினை. வேறுபடுத்து என்பது பிறவினை. ‘டிஃபர்’ முன்னதைச் சேர்ந்தது; செயப்படுபொருள் ஏற்காதது. ஒருவர் மற்றொருவரை ‘டிஃபர்’ செய்ய இயலாது. மேலும், அம்பத்தூர் ஆவடியினின்று வேறுபடுகிறது என்றால் ஆவடியும் அம்பத்தூரினின்று அதே அளவு வேறுபடுகிறது. இச்சொல்லில் மேல் கீழ் இல்லை. அம்மாணவனுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேறு வினை வேண்டும்: ‘டிஸ்கிரிமினேட்’. அதன்பின் ‘அகென்ஸ்ட்’ வரவேண்டும். 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, சாதி, சமயம் முதலியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் எதிராக அரசு செய்யலாகாது என்று தடுப்பது இவ்வினையைத்தான். மக்கள் வேறுபட்டிருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. எவரும் தடுக்கவும் வேண்டியதில்லை.

இனி, வழக்கிற்கு வருவோம். ஒன்று மற்றொன்றைப் போல் இல்லையெனில் ‘டிஃபர் ஃப்ரம்’. நம் பிள்ளைகள் ‘டிஃபர் தன்’ என்று எழுதுவதை விடவேண்டும். எந்தக் கூறில் என்று காட்ட ‘இன்’. எவ்வளவு என்று காட்ட ‘பை’. தொழிற்பேட்டை லேத்துப் பட்டறையில் பணிபுரியும் தம்பிமார்க்கு இது எளிது. இரண்டு தண்டுகள் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் வேறுபட்டால், விட்டத்திற்கு ‘இன்’, அரை மில்லிமீட்டருக்கு ‘பை’. எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. இரண்டு ‘எஃப்’ இருந்தால் வேறுபடுதல். ஒரே ‘எஃப்’ இருந்தால் தள்ளிவைத்தல். இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. நம் மனுக்களின்மேல் அதிகாரிகள் எழுதுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்!

ஒருவரோடு கருத்தால் மாறுபடும்போது ‘டிஃபர் வித்’ என்பர். ‘ஃப்ரம்’ என்பதும் வழக்கில் உண்டு. ‘வித்’ வந்தால் ஐயத்திற்கு இடமில்லை. இதை நாம் இலக்கணமாக மட்டும் கற்பிக்க விரும்பவில்லை. பூவிருந்தவல்லிக்குத் தொலைவில் இல்லாத பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம். சி. ராஜா அவர்களை எண்ணிப் பாருங்கள். 1931-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் தனி வாக்காளர் தொகுதி கோரினர். ராஜா 1932-இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து, பொதுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்கள் போதும் என்றார். சொந்தச் சமூகத்தின் பெருந்தலைவர்களோடேயே மாறுபட்டார். அவருடைய முடிவு தவறு என்பதே எம் எண்ணம். இங்குள்ள பெரியவர்களில் சிலர் எம்மோடு மாறுபடலாம். அவ்வாண்டு செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தத்தில் அம்மூவரின் கையொப்பமும் இடம்பெற்றது. 1942-இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, நம் மக்களுக்காக அம்பேத்கரும் ராஜாவும் அதன்முன் ஒன்றாகவே சென்றனர்.

நமது சங்கக் கூட்டங்களில் இளைஞர்கள் வாய் திறவாமல் அமர்ந்திருப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். மூத்தோர் சொன்னபின் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று எவரோ கற்பித்துவிட்டனர். நூலகத்திற்கு எந்த நூல்களை வாங்குவது என்பதில்கூட அவர்கள் கருத்தை நாம் இன்னும் கேட்டதில்லை.

அம்மாணவனின் ஏட்டை மறுநாள் திருப்பி வாங்கினோம். சிவப்புக் கோட்டிற்கு மேலே சரியான வினையை எழுதிக் கொடுத்தோம். அவன் அவ்வாக்கியத்தை முழுமையாகத் திரும்ப எழுதி, பள்ளியின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தான்.