மருந்தடிப்போரின் பாதுகாப்பு

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



தொழிற்சாலையில் வேலை செய்வோரின் பாதுகாப்பிற்குச் சட்டம் உண்டு. அதைப் பார்வையிட ஆய்வாளரும் உண்டு. நமது வயலும் ஒரு வேலைத்தலமே என்ற எண்ணம் நமக்கு எளிதில் எழுவதில்லை. கூலிக்கு ஒருவரை அமர்த்தி, நஞ்சு நிறைந்த தெளிப்பானை அவர் முதுகில் ஏற்றும் நாளிலாவது அது எழவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய ஒன்றியத்தில் நடந்ததைக் கூறுகிறோம். பருத்திக்கு மருந்தடிக்க ஓர் இளைஞர் அமர்த்தப்பட்டார். தெளிப்பானின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. மருந்து கசிந்து காலை முழுதும் அவர் முதுகை நனைத்தது. நண்பகலில் தலை சுற்றியது. வெயிலின் கொடுமை என்று எண்ணி, மோர் அருந்திவிட்டு மறுபடியும் தெளித்தார். மாலையில் வாயில் எச்சில் வடிய, மூச்சுத் திணறி விழுந்தார். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதற்கேள்வி, “என்ன மருந்து?” என்பது. உடன் சென்ற ஒருவருக்கும் தெரியவில்லை. புட்டியை வரப்பில் புதைத்திருந்தனர். ஆள் அனுப்பித் தோண்டி எடுத்துவர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. இளைஞர் பிழைத்தார், ஆயினும் அவ்வாண்டு முழுதும் அவரால் வேலைக்குச் செல்ல இயலவில்லை. நிலத்துக்காரர் நல்ல மனிதர். “ஜாக்கிரதையாக அடி என்று சொல்லித்தான் அனுப்பினேன்” என்று கண்ணீர் விட்டார். அவர் சொன்னது உண்மையே. ஆனால் மூடியைச் சரிபார்த்திருந்தால் அச்சொல்லே தேவைப்பட்டிராது.

இது ஓர் ஊரில் மட்டும் நடப்பதன்று. 2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு செடிகள் வழக்கத்தைவிட உயர்ந்து வளர்ந்திருந்தமையால், மேல்நோக்கித் தெளித்த மருந்து தெளித்தவர் முகத்திலும் மார்பிலுமே விழுந்தது.

நஞ்சு வாய்வழியாகத்தான் உடலிற்குள் செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். பூச்சிமருந்துகள் பல, தோலின் வழியாகவே ஊறி உட்செல்பவை. வியர்த்த உடலும் நனைந்த துணியும் அதற்கு வழிவிடுகின்றன. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பதும் தவறு. நனைந்த துண்டு நஞ்சை மூக்கருகிலேயே நிறுத்தி வைக்கிறது.

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இலும், அதன் விதிகள் 1971-இலும் வந்தன. மருந்தைத் தெளிப்போர்க்கும் தக்க பாதுகாப்பு உடை வேண்டும் என்பது அவ்விதிகளில் அடங்கியதே. எங்களுக்கும் வெயில் தெரியும். பங்குனி வெயிலில் ரப்பர் அங்கியை அணியச் சொல்லிவிட்டு நிழலில் அமர்வது எளிது. ஆகவே வேலையைக் காலை இளவெயிலிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, நீண்ட கால்சட்டை, ரப்பர் கையுறை, காலணி, முதுகிற்குத் தெளிப்பானுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, மருந்துக்கு ஏற்ற முகமூடி ஆகியவற்றைக் கூலியோடு சேர்ந்த செலவாகவே கொள்ள வேண்டும். காற்றுக்கு எதிராக நடந்து தெளிக்கலாகாது. அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதுவது இன்றும் காணும் வழக்கம். அதைக் கண்ட இடத்திலேயே தடுத்து நிறுத்துங்கள். தண்ணீர் சுமந்து கொடுக்கும் பெண்களையும், அன்றிரவு அந்தத் துணியைத் துவைக்கும் மனைவியையும் நாம் மறந்துவிடுகிறோம். அத்துணியைத் தனியே துவைக்க வேண்டும்.

புட்டியின் மீதுள்ள வண்ணக் குறியைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்கடுத்தது மஞ்சள், பின் நீலம், பச்சை ஓரளவு குறைந்தது. பச்சை என்றால் கையால் கலக்கலாம் என்று பொருளன்று. பூச்சியைப் பார்க்காமல், கடைக்காரர் சொன்னதற்காக இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிப்பதைப் பற்றி வேளாண் அலுவலர் உங்களிடம் விரிவாகப் பேசுவார். அவருக்கு அதில் எங்களைவிடக் கோபம் அதிகம்!

ஒருவருக்கு அளவிற்கு மீறிய வியர்வை, எச்சில், கண்ணீர், வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் கண்டால் உடனே வேலையை நிறுத்தி, காற்றோட்டமான இடத்திற்குக் கொண்டுசெல்லுங்கள். உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், பால், புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். 108-ஐ அழையுங்கள். புட்டியையோ அதன் சீட்டையோ கூடவே அனுப்புங்கள். சிலவகை மருந்துகளுக்கு அட்ரோபின் என்னும் ஊசி உயிர்காக்கும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கோ முறிவே இல்லை. பெயர் தெரிந்தால்தான் டாக்டர் தக்கபடி செயலாற்ற முடியும். எனவே, தெளித்த மறுநாள்வரை காலிப் புட்டியை வயலோரம் பூட்டிய பெட்டியில் வையுங்கள். அதன்பின் யாரும் எடுத்துப் பயன்படுத்தாவண்ணம் துளையிட்டு அழியுங்கள்.

ஊராட்சி மன்றம் செய்யக்கூடியது அதிகமில்லை; ஆனால் செய்யவேண்டியது அதுவே. ஊரில் யார் யார் கூலிக்கு மருந்தடிக்கின்றனர் என்று ஒரு குறிப்பேடு எழுதுங்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். பருவத்திற்கு முன் ஒரு நாள், ஊரிலுள்ள தெளிப்பான்கள் எல்லாவற்றையும் ஊராட்சி அலுவலகத்தின் முன் கொண்டுவரச் செய்து, வெறும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். கசிவதைத் தனியே வைத்துவிட்டு, மூடியும் வளையமும் மாற்றிய பிறகே உடையவரிடம் திருப்பிக் கொடுங்கள்.