எத்தனையும் எவ்வளவும்

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் என்றால் நோய் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் இன்று எடுத்துக்கொண்டதோ ஆங்கில இலக்கணத்தில் ஒரு சிறு பகுதி: எண்ணக்கூடிய பெயர்ச்சொற்களும் எண்ணமுடியாத பெயர்ச்சொற்களும். அதற்குக் காரணம் உண்டு. தமிழ்மொழி மூலம் உயர்தரம் எழுதி மருத்துவ பீடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். பாடம் தெரியும், விடையும் தெரியும். ஆனால் ஓர் 'எஸ்' பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் நோயாளர் விடுதியில் வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளைகளை நாங்கள் காண்கிறோம். அந்த மௌனம் பிள்ளைக்கும் நட்டம், நோயாளிக்கும் நட்டம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இலக்கணம் நமக்குப் புதிதல்ல. கடைக்குப் போனால் "எத்தனை தேங்காய்?" என்று கேட்கிறோம், அரிசிக்கு "எவ்வளவு அரிசி?" என்கிறோம். "எத்தனை அரிசி?" என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்காது. நமது 'எத்தனை'யும் 'எவ்வளவு'ம் செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'மெனி'யும் 'மச்'சும் செய்கின்றன.

வேறுபாடு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, பன்மை விகுதி. "பத்துத் தேங்காய்" என்றால் நமக்குப் போதும், 'கள்' தேவையில்லை. "மாடு வந்தது, மாடு வந்தன" என்று பால்பகா அஃறிணைப் பெயரைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. எண்ணக்கூடிய பொருள் ஒன்றுக்கு மேற்பட்டால், ஒருசில சொற்கள் தவிர, பன்மை வடிவம் கட்டாயம்.

மற்றது, கோடு விழும் இடம். தகவல்கள், ஆலோசனைகள், உபகரணங்கள், தளபாடங்கள் என்பவை தமிழில் நல்ல பன்மைகள். ஆங்கிலத்தில் 'இன்ஃபோர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்யூப்மென்ற்', 'ஃபேர்னிச்சர்' ஆகிய நான்கும் எண்ணமுடியாதவை. அவற்றுக்குப் பின்னால் 'எஸ்' வராது, முன்னால் 'அ' அல்லது 'அன்' வராது, வினை ஒருமையில் நிற்கும். 'ஹோம்வேர்க்', 'எவிடென்ஸ்', 'றிசேர்ச்' என்பவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரு பிள்ளை 'இன்ஃபோர்மேஷன்ஸ்' என்று எழுதினால் அது அறிவீனம் அல்ல. தமிழின் நியாயத்தை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் தேடிக் களைக்க வேண்டாம். சமையலறைப் பருப்பையே பாருங்கள். அதை 'டால்' என்றால் எண்ணமுடியாத சொல். 'லென்றில்ஸ்' என்றால் எண்ணக்கூடிய பன்மை. பானைக்குள் இருப்பது ஒரே பருப்பு. எண்ணிக்கை பொருளில் இல்லை. அந்த மொழி பொருளைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது.

ஒரே சொல் இருபக்கமும் நிற்பதும் உண்டு. நெஞ்சு நோவுடன் வருபவரிடம் "எவ்வளவு நோகுது?" என்று கேட்கிறோம். பிரசவ விடுதியிலோ, "பத்து நிமிடத்தில் எத்தனை தரம் நோ வந்தது?" என்றே மருத்துவமாது பார்ப்பார். ஆங்கிலத்திலும் நெஞ்சு நோ பொதுவாக 'பெயின்'. விட்டு விட்டு வரும் பிரசவ நோ 'பெயின்ஸ்'. அளவைக் கேட்பதா, எண்ணிக்கையைக் கேட்பதா என்று தெரிந்தால்தான் சரியான கேள்வி வரும். கேள்வி சரியாக இருந்தால்தான் விடை பயன்படும்.

சரி, எண்ணமுடியாததை எண்ணவேண்டி வந்தால் என்ன செய்வது? அளவைச் சொல் ஒன்றைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். ஒரு சுண்டு அரிசி, ஒரு மிடறு தண்ணீர் என்று நாம் சொல்வதுபோல, ஆங்கிலத்தில் 'எ பீஸ் ஒஃப் அட்வைஸ்' என்பார்கள்.

தங்கைகளே, எங்கள் தொழிலில் இந்த அளவைச் சொல் உயிரோடு சம்பந்தப்பட்டது. குளிசையை எண்ணிக் கொடுக்கலாம். பாணி மருந்தை எண்ண முடியாது. குழந்தைகளுக்கான பரசிற்றமோல் பாணியில் வழமையாக 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். "ஒரு கரண்டி கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டால், தாய் எந்தக் கரண்டியை எடுப்பார்? தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15. மூன்று மடங்கு மருந்து குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். இன்சுலினும் அப்படியே. அதை 'யூனிற்' கணக்கில் அளக்கிறோம். அந்தச் சொல்லைச் சுருக்கி 'யூ' என்ற ஓரெழுத்தாக எழுதினால், அவசரத்தில் அது பூச்சியமாகத் தெரியலாம். 10 என்பது 100 ஆகிவிடும். அதனால்தான் அளவைச் சொல்லை முழுமையாக எழுதும்படி மருத்துவ மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

படிப்பதற்கு ஒரு வழி சொல்கிறோம். புதிய ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றைக் குறிப்புக் கொப்பியில் எழுதும்போது, பக்கத்தில் 'எத்தனை' அல்லது 'எவ்வளவு' என்று தமிழிலேயே குறித்து வையுங்கள். மாணவருக்கான நல்ல ஆங்கில அகராதிகளில் எண்ணக்கூடியதற்கு 'சீ', எண்ணமுடியாததற்கு 'யூ' என்ற எழுத்துகள் இருக்கும். ஐயம் வந்தால் அங்கே பாருங்கள். நாளுக்கு இரண்டு சொல் போதும்.

அதேவேளை, இலக்கணம் முழுவதும் சரியான பிறகுதான் பேசுவேன் என்று இருந்துவிடாதீர்கள். விடுதியில் நோயாளியின் மூச்சுத் திணறலை முதலில் கண்டவள் நீங்களாக இருந்தால், 'எஸ்' வருமா வராதா என்று யோசிக்காமல் உரத்துச் சொல்லுங்கள். பிழைத்த 'எஸ்' ஒன்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டதை எல்லா வேளையிலும் திருத்த முடியாது. இந்தப் பாடசாலையிலிருந்து போன அக்காமார் பல வைத்தியசாலைகளில் இருக்கிறோம். வந்து கேளுங்கள், சொல்லித் தருவோம்.