குசினியிலும் ஜெபம்



விடிய பெரட்டு, பின்னேரம் கொழுந்து நிறுவை. ஜெபிக்க நேரமேது சாமி என்று கேட்கிறீங்க. நியாயந்தான்.

பிரான்சில் லாரன்ஸ் சகோதரர் என்று ஒருவர் இருந்தார். போரில் கால் அடிபட்ட சிப்பாய். பாரிஸ் கார்மேல் மடத்துக் குசினியில் பல வருஷம் சமைத்தார், 1691இல் இறந்தார். குசினி வேலை அவருக்குப் பிடிக்காத வேலை, அதையும் சொல்லணும். ஆனாலும் சட்டிபானைக்கு நடுவே ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருந்தார். அதுவே அவருடைய ஜெபம்.

நீங்களும் கொழுந்தெடுக்கையில், பக்கத்து நிரைக்காரி முகம் வாடியிருந்தால் அவ பேரைச் சொல்லி ஆண்டவரிடம் கேளுங்க. பின்னேரம் அவ காம்பராவுக்கும் போங்க. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டினதோட விடல்ல, சத்திரக்காரனுக்குக் காசும் கொடுத்தான்.

பேச்சு நின்றுபோன வீடாயிருந்தால்? அதுதான் கஷ்டம். இன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அந்த வீட்டாரின் பேரை முதலில் சொல்லுங்க.