மாணவர் எழுப்பிய வினா



கவிஞர்கள் கூடியிருக்கும் மன்றத்தில் புள்ளியியல் குறித்து ஓர் உரை எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பு. எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்க்கு இரு கண்களாக வைத்தார் வள்ளுவர். இலக்கிய மன்றங்கள் அவ்விரண்டனுள் ஒரு கண்ணையே பெரிதும் போற்றி வந்துள்ளன. மற்றைக் கண் எவ்வாறு காண்கிறது என்பதை அறிய, பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றில் மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவை நினைவுகூர்தல் பொருந்தும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் அடுக்களை வழக்கு. நளன் கதையிலும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. தேரில் விரைந்து செல்லும் இருதுபன்னன், வழியில் நின்ற தான்றி மரத்தைக் கண்டு அதன் காய்களின் தொகையைச் சொல்கிறான். தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தால் தொகை பிசகாமல் இருக்கிறது. வியந்த நளன் தன் குதிரைக் கலையைக் கொடுத்து அக்கணக்கைக் கற்றுக்கொள்கிறான்.

கதை அந்த அளவில் நிறைவு பெறலாம். புள்ளியியல் மாணவருக்கோ அதற்குப் பின்னரே பாடம் தொடங்குகிறது. பதம் பார்த்த சோறு பானையின் மேலிருந்து எடுத்ததா, அடியிலிருந்து எடுத்ததா? ஒரு பருக்கைக்குப் பதில் பத்துப் பருக்கைகளைப் பார்த்தால் உறுதி எவ்வளவு கூடும்? மன்னன் சொன்ன தொகை பிசகுமாயின் எந்த அளவுக்குப் பிசகும்? சிலவற்றைக் கண்டு பலவற்றைச் சொல்பவர், தம் சொல்லின் பிழை எல்லையையும் உடன் சொல்ல வேண்டும் என்பதே இக்கல்வியின் அறம்.

இந்தியாவில் இக்கல்விக்கு முதன்முதலாக முதுகலை வகுப்பைத் தொடங்கியது கல்கத்தாப் பல்கலைக்கழகம். சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு 1857இல் தோன்றிய அப்பெரும் நிறுவனத்தில் 1941இல் புள்ளியியல் தனித்துறை ஆயிற்று. இயற்பியல் பேராசிரியராக விளங்கி, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் தோற்றுவித்த பிரசந்த சந்திர மகலனோபிஸ் அதற்கு வழிகாட்டினார். முதல் அணி மாணவருள் ஒருவர் சி. ஆர். ராவ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஹடகளியில் 1920இல் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, வேலை தேடிக் கல்கத்தா சென்றவர். வேலை கிட்டவில்லை, புள்ளியியல் கிட்டியது. 1943இல் முதல் வகுப்பில் தேறிய அவர், விரைவில் அதே பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லவும் தொடங்கினார்.

அவருடைய வகுப்பில் 1944இல் நிகழ்ந்தது அந்த வினா. மதிப்பீட்டுக் கோட்பாட்டைக் கற்பிக்கையில் ஆங்கிலேய அறிஞர் ஃபிஷரின் முடிவு ஒன்றை ராவ் விளக்கினார். மாதிரியின் அளவு மிக மிகப் பெரிதாகும்போது, எந்த மதிப்பீடும் ஓர் எல்லையைத் தாண்டித் துல்லியம் பெற இயலாது என்பது அதன் சாரம். அப்போது வி. எம். தாண்டேகர் என்னும் மாணவர் எழுந்து, மாதிரி சிறிதாக இருக்கும்போதும் இத்தகைய எல்லை உண்டா என்று கேட்டார். ஆசிரியரும் மாணவரும் 1920ஆம் ஆண்டிலேயே பிறந்த சமவயதினர். நூல்களில் அதற்கு விடை இல்லை. பாடத்திட்டத்தில் இல்லாத வினா என்று ஒதுக்கி அமரச் சொல்லியிருக்கலாம். ராவ் அன்றிரவு விழித்திருந்து கணக்கிட்டு, மறுநாள் வகுப்பில் விடையை நிறுவிக் காட்டினார்.

உண்டு என்பதே விடை. மாதிரி சிறிதாயினும் பெரிதாயினும், அதனுள் அடங்கிய தகவலுக்கு ஓர் அளவு உண்டு. ஒருபுறம் சாயாத மதிப்பீடு எதுவாயினும், எத்துணைக் கூர்மதி கொண்டு அமைத்தாலும், அந்த அளவு இடும் எல்லையை மீறித் துல்லியம் பெறாது. ஸ்வீடன் நாட்டு ஹரால்ட் கிராமரும் தனித்து இம்முடிவை அடைந்தமையால் இது கிராமர்–ராவ் எல்லை எனப் பெயர் பெற்றது. 1945இல் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான ராவின் கட்டுரை இன்னொரு முடிவையும் கூறியது. செப்பமற்ற ஒரு மதிப்பீட்டை எடுத்து, மாதிரி தரும் பயனுள்ள தகவல் முழுவதையும் கொண்டு திருத்தினால், திருந்திய வடிவம் முன்னதைவிடத் தாழ்வதில்லை. எழுதிய வரியை மீண்டும் மீண்டும் செப்பம் செய்யும் கவிஞர்க்கு இக்கருத்து அயலாகத் தோன்றாது. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டேவிட் பிளாக்வெல் 1947இல் தனித்துக் கண்டமையால் இதற்கு ராவ்–பிளாக்வெல் தேற்றம் என்று பெயர்.

அந்த ஆண்டுகளை மறந்து இந்தக் கணக்கை மட்டும் பார்த்தல் தகாது. 1943இல் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மகலனோபிஸும் அவருடன் பணியாற்றியோரும் 1944–45இல் மாதிரி ஊர்களைத் தேர்ந்து, பஞ்சத்துக்குப் பின் மக்கள் நிலை எவ்வாறுள்ளது என்று ஆய்ந்தனர். நிலத்தை விற்றவர் எத்தனை பேர், உழவு மாட்டை இழந்தவர் எத்தனை பேர், ஆதரவற்றுப் போனவர் எத்தனை பேர் என்பன அன்றைய வினாக்கள். ஒவ்வொரு குடிசைக்கும் சென்று எண்ண ஆளும் இல்லை, பொழுதும் இல்லை. சில ஊர்கள் ஒரு மாகாணத்தின் துயரத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சிறு மாதிரி எவ்வளவு நம்பத்தக்கது என்பது அச்சூழலில் உயிரோடு தொடர்புடைய கேள்வி.

வினாவை எழுப்பிய தாண்டேகர் பின்னர் புனேயில் புகழ்பெற்ற பொருளியல் அறிஞரானார். நீலகண்ட ரத்துடன் இணைந்து 1971இல் இந்திய வறுமை பற்றி அவர் வெளியிட்ட ஆய்வு, நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவை அடிப்படையாகக் கொண்டு வாழ்க்கைத் தேவையின் கீழெல்லையை வகுத்தது அந்நூல். 1960–61இல் ஊர்ப்புற மக்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும், நகர மக்களுள் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரும் அந்த எல்லைக்குக் கீழே வாழ்ந்தனர் என்று அது காட்டியது. அதற்கு ஆதாரமாய் நின்றவை, மகலனோபிஸின் முயற்சியால் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் புள்ளிவிவரங்கள். மாதிரியின் எல்லை எது என்று வகுப்பறையில் கேட்டவர், மாதிரியைக் கொண்டே பசித்தோரை நாட்டின் கண்முன் நிறுத்தினார்.

எண்கள் மனிதரை மறைக்கின்றன என்னும் குறை கவிஞரிடையே உண்டு. அக்குறை முற்றிலும் பொய்யன்று. விழுக்காட்டுக்குள் ஒரு தாயின் முகம் தெரிவதில்லை. அந்த முகத்தைக் காட்டுவது கவிதையின் கடன். ஆனால் அத்தகைய தாயர் எத்தனை பேர் என்று தெரியாவிடில், இரங்குவோர் அவளை ஒரு விதிவிலக்காகக் கருதிக் கடந்து போவது எளிது. எழுத்து காட்டிய முகத்தை அவ்வாறு கடந்துவிடாமல் தடுக்கவே எண் வேண்டியிருக்கிறது.

1945இல் வெளியான அக்கட்டுரைக்காக 2023இல் சி. ஆர். ராவுக்குப் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், 102ஆம் வயதில், அவர் மறைந்தார். ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து கேட்கத் துணிந்ததும், ஆசிரியர் அதற்குச் செவிசாய்த்ததும் அப்பரிசின் மூலம். இன்று பெரிய பல்கலைக்கழகங்களில் மாணவர் தொகை பெருகியிருக்கிறது. தேர்வுக்கு வராத கேள்வியைக் கேட்க இடமும் பொழுதும் அங்கு இருக்கின்றனவா என்பதே ஆராயத்தக்கது. பத்தாண்டுகளாகக் கவிதைகளை அரங்கேற்றியதோடு அவற்றைக் கேள்விக்கும் உட்படுத்தி வளர்ந்த இலக்கிய வட்டத்திற்கு அதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.