1806: ஓர் ஆண்டின் பற்றும் வரவும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தினமும் காலையில் நம் வாட்ஸ்அப் குழுவில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பட்டியல் வருகிறது. இன்னார் பிறந்தார், இன்ன போர் நடந்தது, இன்ன கருவி கண்டுபிடிக்கப்பட்டது என்று பத்துப் பன்னிரண்டு வரி. நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறோம். அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிறுத்திப் படித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு. அதற்காக ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டேன். 1806.

முதலில் உலகப் பட்டியல். 1806-இல் ஐரோப்பா முழுவதும் நெப்போலியன் பேச்சுதான். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இருந்த புனித ரோமானியப் பேரரசு ஆகஸ்ட் 6 அன்று முடிவுக்கு வந்தது. பேரரசர் இரண்டாம் பிரான்சிஸ் முடியைத் துறந்தார். அக்டோபர் 14 அன்று ஜெனா என்ற இடத்தில் பிரஷ்யப் படை நொறுங்கியது. நவம்பர் 21 அன்று பெர்லினில் இருந்தபடி, பிரிட்டனோடு யாரும் வணிகம் செய்யக்கூடாது என்று நெப்போலியன் ஆணையிட்டார். அமெரிக்காவில் லூயிஸ், கிளார்க் இருவரும் பசிபிக் கடற்கரை வரை போய்விட்டு, செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்குத் திரும்பினார்கள்.

பிறப்புகளும் பெரிய பிறப்புகள்தான். மார்ச் 21 அன்று பெனிட்டோ ஹுவாரெஸ். மெக்சிகோவின் பழங்குடி மக்களிலிருந்து வந்து அந்நாட்டின் அதிபரானவர். ஏப்ரல் 9 அன்று பொறியாளர் புருனெல். அவர் கட்டிய 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற ராட்சதக் கப்பல்தான், அவர் மறைந்த பிறகு, 1870-இல் ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே கடலடித் தந்திக் கம்பியைப் போட்டது. மே 20 அன்று ஜான் ஸ்டூவர்ட் மில். பொருளாதாரம் படித்த எவரும் இந்தப் பெயரைத் தாண்டி வந்திருக்க முடியாது.

பட்டியல் சரிதான். ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் நான் பி.காம். படித்தவன், வங்கியில் பேரேடு எழுதியவன். எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது. பற்று இருந்தால் எங்கோ ஒரு வரவு இருந்தே ஆக வேண்டும். இரட்டைப் பதிவு என்பது அதுதான். மேலே சொன்ன பட்டியலில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தைத் தேடினேன். அது நம் ஊருக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.

ஜூன் 2, 1806. கல்கத்தாவில் 'பேங்க் ஆஃப் கல்கத்தா' தொடங்கப்பட்டது. 1809-இல் அது பேங்க் ஆஃப் பெங்கால் ஆனது. 1921-இல் பம்பாய், மெட்ராஸ் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-இல் ஸ்டேட் வங்கியானது. நம்மில் பாதிப் பேரின் ஓய்வூதியமோ சம்பளமோ அந்த வங்கி வழியாகத்தான் வருகிறது.

அதற்கு 38 நாட்கள் கழித்து, ஜூலை 10 விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். 1857-க்கு 51 ஆண்டுகள் முன்பு. இங்கிருந்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் என்று காரில் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் கோட்டை வாசலில் நிற்கலாம்.

காரணம் பள்ளியில் படித்ததுதான். புதிய தலைப்பாகை, அதில் தோல் சின்னம். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியைத் திருத்த வேண்டும். மறுத்தவர்களுக்குச் சாட்டையடி. இந்து, முஸ்லிம் இரு தரப்பையும் ஒரே ஆணையில் புண்படுத்தினார்கள். இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். முஸ்தபா பெக் என்ற சிப்பாய் முன்கூட்டியே போய்த் தகவல் சொன்னார். அவரைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவிட்டார்கள்.

கோட்டையின் மேல் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஏன் மைசூர்க் கொடி? 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் காலைக்குள் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. இறந்த பிரிட்டிஷார் நூற்றுக்கும் மேல். கொல்லப்பட்ட சிப்பாய்கள் பல நூறு பேர். துல்லியமான எண்ணிக்கை முதல் கணக்கிற்குத்தான் உண்டு. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கவர்னர் பென்டிங்க் பிரபுவை லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. தலைப்பாகை ஆணை ரத்தானது.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் இதில் எங்கே வருகின்றன என்று கேட்பீர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி பகுதியை அன்று பாரமகால் என்பார்கள். திப்புவிடமிருந்து 1792 உடன்படிக்கையில் அது கம்பெனி கைக்குப் போனது. நம் ஓசூர் 1799 வரை மைசூரோடுதான் இருந்தது. ஆக, 1806-இல் இங்கே வாழ்ந்த முப்பது வயது விவசாயி ஒருவர் இரண்டு ஆட்சிகளுக்கு வரி கட்டியவர். புலிக்கொடி அவருக்குக் கதை அல்ல, நேரில் பார்த்த கொடி.

அந்த வரிதான் இரண்டாவது விஷயம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, இவர்கள் பாரமகாலில்தான் ரயத்துவாரி முறையை முதலில் நடத்திப் பார்த்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் அரசே ஒவ்வொரு விவசாயியின் நிலத்தையும் அளந்து, அவர் பேரில் பட்டா எழுதி, நேரடியாகத் தீர்வை வாங்கும் முறை. பிறகு அது மெட்ராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. நம் வீட்டு மனைகளின் மூலப்பத்திரங்களைப் புரட்டுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் என்று வருகிற சொற்களுக்குப் பின்னால் நிற்பது இந்த முறைதான்.

காகிதத்தில் நல்ல முறை. நடைமுறையில் தீர்வை அதிகம், மழை பொய்த்தாலும் வசூல் நிற்காது. வசூலிக்கப் போன கீழ்மட்ட ஊழியர்கள் கையாண்ட வழிகளுக்குப் பெயர்களே இருந்தன. ஒன்று கிட்டி, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள், மனிதரை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது.

இப்போது 1806-இன் விட்டுப்போன பிறப்புக்கு வருகிறேன். அந்த ஆண்டு சென்னையில் ஒரு வணிகக் குடும்பத்தில் கஜுலு லட்சுமிநரசு செட்டி பிறந்தார். அவுரியும் துணியும் விற்றவர். கையில் பணம் சேர்ந்த பிறகு 1844-இல் 'கிரசென்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1852-இல் மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் என்ற சென்னைவாசிகள் சங்கத்தை உருவாக்கினார். அந்தச் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. தீர்வைச் சுமையும் சித்திரவதையும் அதில் இருந்தன. டான்பி சீமூர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-இல் இங்கே வந்தபோது, செட்டியார் அவரை மாவட்டங்களுக்கு அழைத்துப் போய் விவசாயிகளிடமே பேச வைத்தார். விஷயம் பாராளுமன்றத்தில் எழுந்தது. 1854-இல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. புகார்கள் உண்மை என்று 1855-இல் அது அறிக்கை தந்தது. வரி வசூல் வேலையையும் போலீஸ் வேலையையும் பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. மெட்ராஸ் போலீஸ் சட்டம் 1859-இல் வந்தது.

அதே ஆண்டு பிறந்த மில் அப்போது எங்கே இருந்தார்? லண்டனில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில். 17 வயதில், 1823-இல், குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 35 ஆண்டுகள் இந்தியாவுக்குப் போகும் கடிதங்களை வரைந்தார். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 1858-இல் கம்பெனி ஆட்சியை ஒழிக்கப் போகிறார்கள் என்றதும், அதைக் காப்பாற்றக் கம்பெனி தரப்பில் மனு எழுதித் தந்தவரும் அவரே. மறு ஆண்டே சுதந்திரத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அந்தக் கொள்கை இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கும் அதில் உண்டு.

மில்லைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1860-களிலேயே பாராளுமன்றத்தில் பேசிய பெரிய மனிதர் அவர். நான் சொல்வது இதுதான். ஒரே ஆண்டில் இருவர் பிறந்தார்கள். ஒருவர் கம்பெனிக்காக மனு எழுதினார். மற்றவர் கம்பெனி வசூலில் விரல் நெரிபட்ட விவசாயிக்காக மனு கொடுத்தார். ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். ஆனால் 'இந்த ஆண்டில் பிறந்தவர்கள்' பட்டியலில் முன்னவர் பெயர் தவறாமல் இருக்கும். பின்னவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது யாரோ செய்த சதி என்று நினைக்காதீர்கள். எழுதி வைத்தவர்கள் அவர்கள் பக்கத்தை எழுதி வைத்தார்கள். நம் பக்கத்தை எழுத வேண்டியவர்கள் நாம்.

நம் குடியிருப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, மலையாளம், ஒடியா எல்லாம் கேட்கிறது. சிப்காட் வந்த பிறகு, 1970-களிலிருந்து, வேலைக்காக வந்து சேர்ந்தவர்களே இங்கு அதிகம். அதனால் இந்த மண்ணுக்கு முன்கதையே இல்லை, ஆலைகளோடுதான் ஓசூர் தொடங்கியது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதை மாற்ற ஒரு சிறு வேலையை முன்வைக்கிறேன்.

இனி 'வரலாற்றில் இன்று' வரும்போது, அதன் கீழே நம் பகுதியின் ஒரு வரியை யாராவது சேர்க்க வேண்டும். 1878 என்று வந்தால், டிசம்பர் 10 அன்று பக்கத்தில் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார் என்று எழுதுங்கள். 2004 என்று வந்தால், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான ஆண்டு என்று எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த ஆண்டு இந்த ஊருக்கு வந்தார், அன்று இந்த மனை என்னவாக இருந்தது, பக்கத்து ஏரியில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதையும் எழுதுங்கள். சங்க அலுவலகத்தில் அதற்கென ஒரு கனமான நோட்டு வைத்திருக்கிறோம். கேட்டதை 'கேட்டது' என்றும், பார்த்ததை 'பார்த்தது' என்றும் குறித்து, தேதியும் கையெழுத்தும் போட்டு எழுத வேண்டும். வவுச்சர் இல்லாத பதிவு செல்லாது, அல்லவா?

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் 1806 என்று தலைப்பிட்டு, வேலூரையும் லட்சுமிநரசு செட்டியாரையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது.