கெண்டைக்குப் பதமாகும் தானியம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில் தூண்டில் இரையைப் பற்றி ஒருவன் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். மரக்கறி உண்ணும் அன்பர்கள் முகம் சுளிக்கவும் கூடும். ஆயினும் நாம் குடியேறி வாழும் இவ்வங்க நாட்டில் குளம் இல்லாத ஊர் அரிது. விடுமுறை நாளில் கட்டணச் சீட்டு வாங்கிக்கொண்டு குளக்கரையில் தூண்டிலுடன் அமர்வது இந்நாட்டாரின் நெடுநாளைய பொழுதுபோக்கு. நம் காலனிப் பிள்ளைகளும் அப்பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டனர். கற்பதைச் செவ்வனே கற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் மீனின் இயல்பை அறிவோம். ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய மூன்றும் இந்நாட்டுப் பெருங்கெண்டைகள். கட்லா நீரின் மேற்பரப்பிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடித்தளத்திலும் மேய்வன. சாதாக் கெண்டையும் அடித்தளத்தைக் கிளறியே உண்ணும். இது நம்மைப் போலவே பிற மண்ணிலிருந்து வந்து குடியேறியது. 1939-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே, அடியில் சென்று தங்கும் தானிய இரையை மிர்காலும் சாதாக் கெண்டையுமே பெரிதும் நாடும்.

கெண்டை இனத்திற்குத் தாடையில் பற்கள் இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் தானியத்தை நசுக்குகிறது. அதற்கு இரைப்பையும் இல்லை. உண்டது நேரே குடலுக்குச் செல்கிறது. வேகாத உலர்ந்த கடலையை அது விழுங்கினால், அக்கடலை உள்ளே நீரை உறிஞ்சிப் பருத்து, குடலுக்கு ஊறு விளைவிக்கக் கூடும். தானியத்தை ஊறவைத்து வேகவைப்பது மீனைக் கவர்வதற்கு மட்டுமன்று, அதைக் காப்பதற்கும் ஆகும்.

இதன் செய்முறையை நம் இல்லத்தரசியருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நவராத்திரிச் சுண்டலுக்குக் காட்டும் பொறுமையே போதுமானது. கொண்டைக்கடலையை மும்மடங்கு நீரில் 12 மணி முதல் 24 மணி நேரம் ஊறவைத்து, பின்னர் 30 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். மக்காச்சோளம் கடினமானது, 24 மணி நேரம் ஊறிய பின் அரைமணி முதல் ஒரு மணி வரை வேக வேண்டும். கோதுமை, தோல் வெடித்து வெண்மை தெரியும்போது பதம் பெறும். கடலையை இரு விரலிடை வைத்து அழுத்தினால் மசிய வேண்டும். ஆனால் தூண்டில் முள்ளில் கோத்தால் உடைந்து விழக்கூடாது. இதுவே பதம்.

வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அந்நீரோடே மூடி ஓரிரவு வைத்தால் மாவுச்சத்து நீரில் இறங்கும்; இலேசான புளிப்பு மணமும் எழும். அம்மணம் நீரில் பரவிக் கெண்டையை அழைக்கும். வறுத்து இடித்த வெந்தயமும், கடுகுப் பிண்ணாக்கும், தவிடும் கலந்து வங்கத்தார் 'சார்' என்று நீரில் தூவுவதும் இக்கருத்திலேயே. ஆனால் பூஞ்சை படர்ந்த தானியத்தை உடனே எறிந்துவிட வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றுக்குத் தீவனமாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்த பூஞ்சை நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறிந்தனர். நிலக்கடலையை இரையாக்குவோர் இதை மறத்தல் ஆகாது.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் உள. ராஜ்மா எனும் சிவப்பு அவரையில் லெக்டின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. இளஞ்சூட்டில் அது அழியாது. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். இது நம் அடுக்களைக்கும் பொருந்தும். அடுத்து, இலுப்பைப் பிண்ணாக்கைக் குளத்தில் ஒரு பிடியும் இடக்கூடாது. அதிலுள்ள சப்போனின் மீனைக் கொல்லும். குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களை அழிக்கவே பண்ணையார்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். பிண்ணாக்கு எல்லாம் ஒன்றே என்று எண்ணி வாங்குவோர், விற்பவரிடம் வகையைத் தெளிவாகக் கேட்டுப் பெறவேண்டும்.

அளவு என்பதே யாவற்றினும் தலையாயது. தொடக்கத்தில் இரண்டு மூன்று பிடி போதும். மீன் உண்ணும் குறி கண்டபின் சிறிது சிறிதாக இடலாம். வாளி வாளியாகக் கொட்டினால் எஞ்சியது அடியில் அழுகும். அழுகலை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியைக் குடித்துவிடும். நீர்ச்செடிகள் பகலில் உயிர்வளியைத் தருவன; இரவிலோ அவையும் அதனை உண்பன. எனவே, மழைக்கால மேகமூட்டத்தில் விடியுமுன் உயிர்வளி மிகக் குறையும். அப்போது மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறும், பல மடியும்.

அக்குளம் யாருடையது? 1957-இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி அவர்கள் ஊசிமருந்தால் கெண்டையை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். ஆற்றில் குஞ்சு தேடி அலைந்த நிலை அதன்பின் படிப்படியாக மாறியது. எளிய மீன்வளர்ப்போரும் குளத்தில் குஞ்சு விட்டு வளர்க்கலாயினர். அவர்களுள் ஒருவர் கடன் வாங்கி, குஞ்சு விட்டு, ஓராண்டு காத்திருந்த செல்வம், நம் ஒருநாள் விளையாட்டின் அளவின்மையால் ஒரே இரவில் அழியலாம். நமக்கு இடம் தந்த நாட்டின் நீர்நிலைக்கு நாம் செலுத்தும் நன்றி, அதனைக் கெடாமல் விட்டு வருவதே.

ஆகவே, தூண்டில் ஏந்தும் இளைஞர்களே! நன்கு ஊறவையுங்கள், நன்கு வேகவையுங்கள், குறைவாக இடுங்கள், மிஞ்சியதை வீட்டிற்கே எடுத்து வாருங்கள். நீச்சல் அறியாச் சிறுவரைக் கரையில் தனியே விடாதீர்கள். மீன் கிடைத்தால் மகிழுங்கள். கிடைக்காவிடில், குளம் நலமாய் இருக்கும் வரை அடுத்த ஞாயிறும் உங்களுடையதே.