ஏரைத் தொடாதே என்றது யார்?

(கோட்டூர்புரத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இங்கே கட்டட வேலைக்குப் போகும் தாய்மார்களில் பலர் ஊரில் நாற்று நட்டவர்கள். அங்கே நடவாள், இங்கே சித்தாள். ஊர் மாறியது, வேலை மாறியது. கூலி மட்டும் ஆணுக்குக் கீழேயே நிற்கிறது. ஏன்?

பெண் ஏர் பிடிப்பது ஆகாது என்பது நாட்டின் பல பகுதிகளில் பழைய வழக்கம். அதைப் பண்பாடு என்கிறார்கள். அந்தப் பண்பாட்டின் கணக்கைப் பாருங்கள். ஏர் ஓட்டுவது கன வேலையாம், கூலி அதிகம். சேற்றில் நின்று முதுகொடிய நடுவது லேசான வேலையாம், கூலி குறைவு. பிறகு நடவு இயந்திரம் வந்தது. நட்டவளுக்கு வேலை போயிற்று. இயந்திரம் ஓட்ட ஆண் வந்தான். சம வேலைக்குச் சம கூலி என்று 1976-இல் சட்டம் வந்தும், "பொம்பளைக் கூலி" என்ற சொல் சாகவில்லை!

நிலத்தின் கதை என்ன? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் நிலம் வைத்துச் சாகுபடி நடத்துவோரில் பெண்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். "சீர் செய்தாயிற்று, பங்கு கேட்டால் தாய்வீட்டு உறவு அறுந்துபோகும்" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். உறவின் பெயரால் உரிமை போகிறது.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கின. பெண்கள் கூட்டம் போட்டார்கள், கணக்கு எழுதினார்கள், வங்கிப் படி ஏறினார்கள். இது பெரிய லாபம், குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நிலமும் நியாயக் கூலியும் இல்லாதவளுக்குக் கடன் மட்டும் கொடுத்தால், தவணை நாளில் அவள் எங்கே போவாள்?

தஞ்சை மண்ணில் மணலூர் மணியம்மை என்றொரு வீராங்கனை இருந்தார். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து இளம்வயதில் கைம்பெண்ணானவர். மூலையில் உட்கார் என்றது வழக்கம். அவரோ தலைமயிரைக் கத்தரித்து, வேட்டி சட்டை அணிந்து, சிலம்பம் கற்று, சைக்கிளில் சேரி சேரியாகச் சென்று பண்ணையாட்களைத் திரட்டினார். 1953-இல் மறைந்தார். அவர் பண்பாட்டைக் கெடுத்தாரா? மனிதரை மனிதராக மதிக்கும் பண்பாட்டை வளர்த்தார்!

நடவில் எழும் குலவை நம் பண்பாடு. ஒருத்தி வீட்டுச் சாவுக்குத் தெருவே கூடி நிற்பது நம் பண்பாடு. இவற்றைக் காப்போம். அரைக் கூலி பண்பாடு ஆகாது.

ஆண் தோழர்களே! பெண்ணின் கூலி தாழ்ந்திருக்கும்வரை, அதைக் காட்டியே முதலாளி உங்கள் கூலியையும் இறக்குவான். அவளுக்காகக் கேட்பது உங்களுக்காகவும் கேட்பதே.

பொங்கலுக்கு ஊர் போகும்போது வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? தங்கையின் பங்கு எங்கே போயிற்று? அந்தக் கேள்வியை முதலில் நம் வீட்டில் கேட்போம். பிறகு ஊரில் கேட்க நமக்கு வாய் இருக்கும்.